குழியையும் கணக்கெடு

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்றுத்தான் ஆளைத் தள்ளுகிறது.

கிணறு வெட்டிய சுண்ணக்கல்லில் பழங்காலச் சிப்பி ஓடு உண்டு, மட்டிக்கு ஓடு இல்லை, அதன் அச்சாக வெறும் குழிதான் என்று எழுதியிருந்தாய். அதை வைத்து அந்தக் கடலில் மட்டி குறைவு என்று முடிவு கட்டாதே. மட்டி ஓடு அரகொனைற்று, எளிதில் கரையும் சுண்ணாம்பு வகை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறும்போது முதலில் கரைவது அதுதான். சிப்பியும் விசிறிச் சிப்பியும் பெரும்பாலும் கல்சைற்று என்ற உறுதியான வகை, அதனால் தாக்குப்பிடிக்கும். எங்கள் தம்பலகாமக் குடாவின் கண்ணாடிச் சிப்பியும் அந்தச் சாதிதான்.

ஓட்டின் வடிவத்தைத் திரும்பப் பெற, குழியில் இறப்பர் பால் பூசி அச்செடு. முதலில் குழியைத் தூரிகையால் துப்புரவாக்கி, சவர்க்காரத் தண்ணீர் தடவு. இல்லாவிட்டால் காய்ந்த கல் இறப்பர் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். முதல் பூச்சு மெல்லிசாக, குமிழி இல்லாமல். அது காய்ந்த பிறகே அடுத்தது. ஐந்தாறு பூச்சுப் போதும். ஒரேயடியாக ஊற்றினால் மேலே தோல் கட்டி அடி ஈரமாகவே கிடக்கும், இழுக்கும்போது கிழியும். அமிலம் மட்டும் வேண்டாம்: கல்லும் ஓடும் ஒரே சுண்ணாம்பு, இரண்டும் போய்விடும். ஓடு சிலிக்காவாக மாறியிருந்தால்தான் அமிலம் உதவும்.

ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய சேற்றுக் கட்டியையும் எறியாதே. அதில் இரண்டு தசைத் தழும்பும் அவற்றை இணைக்கும் கோடும் தெரியும். கோடு பின்பக்கம் உள்வாங்கியிருந்தால், அது நீர்க்குழாயை நீட்டி மணலுக்குள் புதைந்து வாழ்ந்த மட்டி. ஆனால் கட்டியில் வெளி வரிகள் இராது. ஒரே உயிரின் கட்டியையும் வெளிக்குழியையும் இரண்டு இனமாக எண்ணிவிடுவது வழக்கமான பிழை. திரிகோணியா என்ற பழங்கால மட்டியின் கட்டிகளை இங்கிலாந்தின் போர்ட்லண்ட் கல்லுடைப்பவர்கள் குதிரைத்தலை என்றே சொன்னார்கள். ஓட்டோடு பார்த்தால் அந்தச் சாயலே இல்லை.

பரம்பல் பற்றிக் கேட்டாயே, அதற்கும் திரிகோணியாக் குடும்பமே நல்ல பாடம். யுராசிக், கிரேத்தேசியக் காலங்களில், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், கடல்களில் உலகெங்கும் பரவியிருந்தது. அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் உண்டு. இன்று உயிரோடு இருப்பது நியோதிரிகோணியா ஒன்றுதான், அதுவும் அவுஸ்திரேலியக் கடலில் மட்டும். உன் யாழ்ப்பாணக் கல் மயோசீன் காலத்தது, மிகப் பிந்தியது. தெத்திசு என்ற பழங்கடலின் வழி அந்தக் காலத்தில்தான் அடைபட்டது. அதற்கு முன் மத்தியதரைப் பக்கமும் நம் பக்கமும் ஒரே நீர். ஆகவே இரு பக்கமும் ஒரே பேரினம் கிடைத்தால் திகைக்காதே.

கோணமலைப் பாறையில் தேடச் சொன்னாய். அது உருமாறிய பழம்பாறை, சிப்பி தோன்றுவதற்கு முந்தியது, தேடிப் பயனில்லை. நீ கல் அனுப்பும்போது கட்டியையும் அதன் வெளிக்குழியையும் ஒரே இலக்கமிட்டு, தனித்தனியாகத் துணி சுற்றி அனுப்பு. கிணற்றில் எத்தனை அடியில் எடுத்தது என்பதையும் கல்லிலேயே எழுதிவிடு. கடதாசித் துண்டு வழியில் தொலையும்.

அன்புடன்,
உன் மச்சான்