மாலை ஆட்டமும் மங்கல் வெளிச்சமும்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்து இப்போதே கடைசி லோக்கல் ரயிலுக்குக் கணக்குப் போடும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் புகைப்படச் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். கோயில் கொடையும் பொங்கல் விழாவும் படம் எடுத்து எடுத்துச் சலித்துவிட்டது, இனி நம் வட்டாரப் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களை எடுப்போம் என்று. தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் பிள்ளைகள் ஆடுவதெல்லாம் வேலையும் டியூஷனும் முடிந்த பிறகுதான் என்பது கை தூக்கிய யாருக்கும் அப்போது தோன்றவில்லை. மும்பையில் டிசம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் கடலில் இறங்கிவிடும். அதன் பிறகு அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதுவதே எட்டு மணிக்கு. ஆகவே இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் இருட்டுதான்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களில் இரண்டு நடக்கவில்லை, தண்டவாளத்தில் தண்ணீர். நூலகப் பீரோவின் சாவி கிடைத்துவிட்டது, பீரோவுக்கு உள்ளேயே இருந்தது.

தொடங்கியது சடுகுடுவில். இந்த ஊரில் வேறு எதில் தொடங்குவது? பரேல், லால்பாக் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு குழு உண்டு. 2014 ஜூலை 26 அன்று புரோ கபடி லீக்கின் முதல் ஆட்டம் நடந்ததும் இதே ஊரில், வொர்லியில்தான். ஆனால் டிவியில் பார்க்கிற அந்த வெளிச்சம் வேறு, இரண்டு கம்பத்தில் நான்கு விளக்கு கட்டிய நம் மைதானம் வேறு. முதல் நாள் நம் ஆட்கள் கொண்டுவந்த படங்களில் பாதி மங்கல், மீதி நடுவரின் முதுகு.

முதுகுக்குக் காரணம் நாம்தான். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். நடுக்கோட்டின் இரு முனையிலும் நடுவர்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் முதுகுதானே கிடைக்கும்? மூன்றாவது வாரம்தான் இடம் பிடிபட்டது. ‘கபடி’ பாடி எதிரணிக் களத்துக்குள் போகிறவரின் முகம் வேண்டுமென்றால் எதிரணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால், மூலையில், தரையோடு தரையாக உட்கார வேண்டும். பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு அவர் நடுக்கோட்டுக்குக் கை நீட்டுகிற கணம் வேண்டுமென்றால் அவருடைய அணியின் பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளால் ஆகாது, இருவராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை பாடிப் போவதற்கு, அதாவது ஒரு ரெய்டுக்கு, 30 நொடிதான். கண் வியூஃபைண்டரில் ஒட்டியிருக்கும்போது ‘கபடி கபடி’ சத்தத்தைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இறுகி அந்தச் சத்தம் கம்மும்போது ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

இங்கே என் தவறைப் பதிவு செய்ய வேண்டும். ஓர் அரையிறுதி முழுவதையும் ஷட்டர் 1/60 நொடி திறக்கும்படி வைத்து எடுத்தேன். கேமராவின் ஒளியுணர்வைக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை 1600க்கு மேல் ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்ற பழைய பயம். வீட்டில் வந்து திறந்து பார்த்தால் கோடு கூர்மை, கம்பம் கூர்மை, பின்னால் வடா பாவ் தின்கிற பையன் கூர்மை. ஆடியவர்கள் மட்டும் ஆவிகள். கபடிக்குக் குறைந்தது 1/500 வேண்டும், ஃபுட்பாலுக்கு 1/1000 இருந்தால் நல்லது. அந்த மைதானத்தில் ஷட்டர் 1/500, லென்ஸ் திறப்பு எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) வைத்தால் ஐஎஸ்ஓ 6400 வரை போகிறது. போகட்டும். புள்ளியைப் பிறகு மென்பொருளில் அடக்கிக்கொள்ளலாம், சின்ன பிரிண்டில் தெரியவும் தெரியாது. அசைந்த முகத்தை யார் வந்து திருத்துவது? ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சத்தைத் தூக்குவதிலும் லாபமில்லை. நிழலில் இருக்கிற புள்ளியெல்லாம் சேர்ந்து எழும்பி வரும்.

என் பயத்தைக் கேட்டு நம் மூத்த உறுப்பினர் அண்ணாச்சி சிரித்தார். டிரை-எக்ஸ் 400 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்ப டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டுக் கழுவியவர் அவர். “அப்போ ராத்திரி ஆட்டப் படம்னா உப்பும் மிளகும் தூவின மாதிரில்லா இருக்கும்? எவம்லே குறை சொன்னான்? பந்து எங்கேன்னுதான் கேட்டான்” என்றார்.

அடுத்த தொல்லை விளக்கின் துடிப்பு. தொடர்ச்சியாக எடுத்த எட்டுப் படங்களில் மூன்று பளிச்சென்று, நான்கு மங்கலாக, ஒன்று ஆரஞ்சு நிறத்தில். கேமரா கெட்டுவிட்டதென்று ஒரு தம்பி சர்வீஸ் கடைக்கே போய்விட்டான்; அங்கே சென்சாரைத் துடைத்துக் காசும் வாங்கிக்கொண்டார்கள். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/500 நொடி திறக்கிற ஷட்டருக்குத் தெரியும். ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கிறது. அது மேடாக இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். பெரிய ஸ்டேடியங்களில் விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுப்பதால் ஒன்று தாழும்போது இன்னொன்று ஏறும். நம் மைதானத்தில் எல்லாம் ஒரே ஃபேஸ். துடிப்பின் உச்சிக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதி 2014இல் கேனான் 7டி மார்க் 2வில் வந்தது. இப்போது பல கேமராக்களின் மெனுவில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்று இருக்கிறது, தேடிப் பாருங்கள். இல்லாதவர்கள் கூடுதலாக எடுத்துத் தள்ளிப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். நிறத்தைப் பிறகு சரிசெய்ய, கேமரா பக்குவப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டர் பக்கமே போகாதீர்கள், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

ஃபிளாஷ் பற்றி விவாதமே வேண்டாம். பாடிப் போகிறவன் கண்ணில் அடித்தால் அவன் ஆட்டம் போச்சு.

லென்ஸ் விவகாரத்துக்கு மூன்று கூட்டம் சண்டை போட்டோம். தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 மி.மீ. எஃப் 2.8 வாங்க ஆசை, கையிருப்பு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இரண்டு வாங்கினோம். கேமராவோடு வரும் 18-55ஐ 55க்கு நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடுகிறது, இந்தச் சின்ன லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். கபடிக் களத்துக்கு 50 தாராளம். ஆனால் நம்மிடம் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் கேமராக்களில், ஐந்து மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் நிற்பது ஒன்றரை முழம்தான். பாடுகிறவர் கூர்மையாக இருந்தால் பிடிக்கிறவர் கரைவார். சுற்றிலும் வலை கட்டி ஆடும் டர்ஃப் கிரிக்கெட்டில் வலை குறுக்கே வந்ததற்கும் இதே லென்ஸ்தான் வழி காட்டியது. வலையோடு ஒட்டி வைத்து முழுதாகத் திறந்தால் வலை காணாமல் போகிறது.

இந்த ஆண்டின் படம் எது என்று கேட்டால், ஆட்டமே இல்லாத படம். பெண்கள் இறுதியாட்டம், இரண்டாம் பாதி, கரண்ட் போய்விட்டது. ஐந்தே நிமிடத்தில் வந்தும் விளக்கு எரியவில்லை. அவை மெட்டல் ஹாலைடு விளக்குகள், சூடு தணிந்தால்தான் மறுபடி பற்றும், பத்து நிமிடத்துக்கு மேலேயே எடுக்கும். நாங்கள் எல்லோரும் கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீக்குப் போனோம். நம் இளைய உறுப்பினர் ஒரு தங்கை மட்டும் போகவில்லை. கோட்டோரம் ஏழு பெண்கள் உட்கார்ந்திருக்க, பயிற்சியாளர் கைபேசி டார்ச்சைப் பிடிக்க, கேப்டன் ஒருத்தியின் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். துணியின் முனை அவள் பல்லில். முழங்கையில் காய்ந்த செம்மண். யாரும் அசையவில்லை, அதனால் 1/60 போதுமாக இருந்தது. நான் தவறாக வைத்த அதே 1/60! அந்தப் பெண்களின் வீட்டாரிடம் சம்மதம் வாங்கிய பிறகே பொங்கல் கண்காட்சியில் மாட்டினோம். கேப்டனின் அம்மா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “துணியப் பல்லுல கடிக்காதேன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்” என்றார்.

கண்காட்சிப் பிரிண்டுகள் இருட்டாக வந்தது குறித்துப் பலர் கேட்டிருந்தீர்கள். பிரிண்ட் போட்ட இடத்தில் கேட்டால் கோப்பே அப்படித்தான் என்கிறார்கள். நாமும் திரை வெளிச்சத்தை முழுதாக வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தோம் என்பதால் நான் அதிகம் வாதாடவில்லை.

மழைக்காலத்தில் ஆட்டமில்லை, லென்ஸில் பூஞ்சை மட்டும் ஆடியது. வாங்கிய இரண்டு 50 மி.மீ. லென்ஸ்களில் ஒன்றின் உள்ளே சிலந்தி வலை போலப் படர்ந்துவிட்டது. சுத்தம் செய்ய ஆன செலவு பொருளாளர் கணக்கில் வரும். காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் இப்போது அலமாரியில் இருக்கின்றன. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் காய வைக்கும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் என் மனைவி ஏற்பதாக இல்லை.

வரும் ஆண்டுக்கு, கம்பத்தில் ஏறி வித்தை காட்டும் மல்லர் கம்பத்தைப் படம் எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. விழுப்புரத்துக்காரர் ஒருவரும் சிவாஜி பார்க்கில் பயிற்சியைத் தினமும் பார்க்கிறவர் ஒருவரும் சொன்னது. தீர்மானத்துக்கு வைக்கிறேன். சங்கத்தின் மோனோபாட், அதாவது கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பு, மார்ச் மாதத்திலிருந்து காணவில்லை. யார் வைத்திருந்தாலும் கேள்வி கேட்க மாட்டோம், பீரோ மேல் வைத்துவிடுங்கள். உள்ளே வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்