நுழைவுச்சீட்டை விற்ற பின்பு நிபந்தனைகளைத் தெரிவிப்பது குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் இணையதளத்தில் நான்கு நுழைவுச்சீட்டுகளை முன்பதிவு செய்துள்ள வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டிஜிட்டல் கலை அருங்காட்சியக நுழைவுச்சீட்டு – உடல்நலம் சார்ந்த நிபந்தனைகள் விற்பனைக்கு முன் தெரிவிக்கப்படாமை – கட்டணத்தைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் முன்பதிவு உறுதி மின்னஞ்சலும் அதனுடன் இணைக்கப்பட்டிருந்த 'வருகை வழிகாட்டி'யும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் நடத்தும் டிஜிட்டல் கலை அருங்காட்சியகத்தைக் காண என் தாயார், தங்கை, தங்கையின் மகள், நான் ஆகிய நால்வருக்கும் அடுத்த மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலை நேரத்துக்கு முன்பதிவு செய்து முழுக் கட்டணத்தையும் செலுத்தியுள்ளேன். பணம் கைமாறிய பிறகு வந்த மின்னஞ்சலில் 'வருகை வழிகாட்டி' என்றொரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்து படித்தபோதுதான், எங்கள் நால்வரில் இருவர் அங்குள்ள பெரும்பாலான அறைகளுக்குள் நுழையவே முடியாது என்பது தெரியவந்தது. அந்த விவரங்களில் ஒன்றுகூட நுழைவுச்சீட்டை விற்கும் பக்கத்தில் இல்லை. சீட்டை ரத்து செய்யும்படி கேட்டதற்கு, விற்ற சீட்டுக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்ற விதியை எடுத்துக்காட்டியதோடு தங்கள் பிரிவு நிறுத்திக்கொண்டது. ஆகவே இந்தப் புகாரை எழுத்து மூலமாக அனுப்புகிறேன்.

சுவரில் ஓவியங்கள் மாட்டியிருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு எவரும் பெரிதாகத் திட்டமிட வேண்டியதில்லை; திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் தெரிந்தால் போதும். தங்களுடையது போன்ற இடங்களில் நிலைமை வேறு. சுவர், கூரை, தரை என எல்லாப் பக்கமும் புரொஜெக்டர்கள் காட்சிகளை வீசுகின்றன; பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்பதைச் சென்சார்கள் உணர்ந்து அதற்கேற்பக் காட்சியை மாற்றுகின்றன; வந்தவர் தண்ணீரில் இறங்குகிறார், இருட்டில் நடக்கிறார், மெத்தைத் தரையில் கால் புதையப் புதைய நகர்கிறார். எனவே எந்த அறையில் உடல் எதற்கெல்லாம் ஆளாக நேரும் என்பது, விற்கப்படும் பொருளைப் பற்றிய அடிப்படை விவரம். அதை வாங்குபவருக்கு முன்னதாகச் சொல்வது விற்பவரின் கடமை.

இந்தக் கடமையைச் செய்வது கடினமும் அல்ல. டோக்கியோவின் டொயோசு பகுதியில் 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டீம்லேப் பிளானட்ஸ் என்ற டிஜிட்டல் கலை அருங்காட்சியகத்தில் காலணியையும் காலுறையையும் லாக்கரில் வைத்துவிட்டு வெறுங்காலுடன்தான் உள்ளே போக வேண்டும். ஓர் இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். சில இடங்களில் தரையே முகம் பார்க்கும் கண்ணாடி. முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொள்ளக்கூடிய உடையில் வருவது நல்லது என்றும், கண்ணாடித் தரை இருப்பதால் பாவாடை போன்ற உடை வேண்டாம் என்றும் அவர்கள் தங்கள் இணையதளத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பாரிஸில் ஒரு பழைய வார்ப்பாலைக் கட்டடத்துக்குள் அதே 2018இல் தொடங்கப்பட்ட அட்லியே தே லுமியேர் முற்றிலும் வேறு வகை: புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகள் பெருஞ்சுவர்களின் மீது இசையோடு மாறி மாறி ஓடும், நின்றோ அமர்ந்தோ பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே பெயரால் அழைக்கப்படும் இடங்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, தங்களுடையது இவற்றில் எதைப் போன்றது என்பதை வாங்குபவர் எதைக் கொண்டு ஊகிக்க முடியும்?

தங்கள் விற்பனைப் பக்கத்தில் இருப்பவை இவ்வளவே: ஆளரவமற்ற ஒளிமலர்க் காட்டின் நடுவே வெண்ணிற உடையில் தனியே நிற்கும் ஒரு பெண்ணின் படம், தேதிக்குத் தேதி மாறும் கட்டணம், 'எல்லா வயதினருக்கும் ஏற்ற அனுபவம்' என்ற வரி, பணம் செலுத்துவதற்கான பொத்தான். (அரை மணிக்கொரு கூட்டத்தை உள்ளே விடும் இடத்தில், அதுவும் வார இறுதியில், அப்படித் தன்னந்தனியே நிற்கும் பேறு யாருக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை. விளம்பரப் படங்களின் இயல்பே அதுதான் என்பதால் அதைப் புகாராகச் சொல்ல நான் வரவில்லை.) 'எல்லா வயதினருக்கும்' என்ற வரியைத்தான் நான் நம்பினேன். வருகை வழிகாட்டியோ, தண்ணீர் அறை, மெத்தைத் தளம், சரிவுப் பாதை ஆகிய மூன்றிலும் சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் அனுமதி இல்லை என்கிறது. குழந்தைத் தள்ளுவண்டிக்கு எங்குமே அனுமதி இல்லை என்கிறது. 'சில அறைகளில் வேகமாக மின்னும் ஒளி பயன்படுத்தப்படுகிறது. ஒளியால் பாதிக்கப்படுபவர்கள் தம் பொறுப்பில் நுழையவும்' என்ற எச்சரிக்கை அதன் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இடம்பெற்றிருக்கிறது.

என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர், ஊன்றுகோலுடன் நடப்பவர், நெடுநேரம் நடக்க வேண்டிய இடங்களில் சக்கர நாற்காலியில் செல்பவர். மூன்று அறைகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாமே என்று தங்கள் பணியாளர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். அந்த மூன்று அறைகளும் பாதையின் நடுவே அமைந்திருப்பதாக வழிகாட்டியின் வரைபடமே காட்டுகிறது; அவற்றைச் சுற்றிப் போக மாற்று வழி உண்டா, உண்டெனில் துணைக்கு ஆள் வருவாரா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. இதோடு இருட்டும் சேர்கிறது. வெளிச்சமான அறையிலிருந்து இருண்ட அறைக்குள் போனால் கண் முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வயதானவர்களுக்கு அது இன்னும் மெதுவாக நிகழும். தரையில் ஓடும் ஒளிக்காட்சி, அசையாமல் நிற்பவருக்கும் தாம் நகர்வதைப் போன்ற உணர்வைத் தரும். நிலை தடுமாறாமல் நிற்பதற்குக் கண்பார்வையையே பெரிதும் நம்பியிருக்கும் முதியவர்கள் அந்த உணர்வில் எளிதில் விழக்கூடும். கைப்பிடி எந்தெந்த அறைகளில் உண்டு, உட்கார இடம் எங்கே உண்டு என்ற இரண்டு விவரங்கள் கிடைத்திருந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்திருப்போம். அவை விற்பனைப் பக்கத்திலும் இல்லை, வழிகாட்டியிலும் இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது என் தங்கை மகளின் நிலை. பதின்வயதுச் சிறுமியான அவளுக்கு ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் மருந்து எடுத்து வருகிறாள். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கே இந்தத் தன்மை இருக்கிறது என்றாலும், சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் அது கூடுதலாகக் காணப்படுகிறது, தங்கள் விளம்பரங்கள் குறிவைப்பதும் அந்த வயதினரைத்தான். பொதுவாக நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி இத்தகையவர்களுக்கு ஆபத்தானது. இணையப் பக்கங்களுக்காக 2008இல் வெளியான சர்வதேச அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள்கூட, எந்தக் காட்சியும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்றே வரையறுத்துள்ளன. ஜப்பானில் 1997 டிசம்பரில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கார்ட்டூன் நிகழ்ச்சி ஒன்றில் சிவப்பும் நீலமும் சில நொடிகள் வேகமாக மாறி மாறி மின்னியதால், பெரும்பாலும் சிறுவர்களாக 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அது வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் இருந்த பெட்டிக்குள் ஓடிய காட்சி.

தங்கள் அறைகளிலோ காட்சி நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. எதிர்பாராமல் மின்னும் ஒளியை எதிர்கொள்ள நேர்ந்தால் உடனே ஒரு கண்ணைக் கையால் முழுவதும் மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இத்தகைய நோயாளிகளுக்குச் சொல்லப்படும் ஆலோசனை. சுவர்கள் நான்கிலும் படம் ஓடி, தரையும் கண்ணாடியாக அதைத் திருப்பி வீசும் அறையில் அந்தச் சிறுமி எந்தப் பக்கம் திரும்புவாள்? பார்வைப் பரப்பில் எவ்வளவு பெரிய பகுதியை மின்னும் ஒளி நிறைக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். தங்கள் அருங்காட்சியகத்தின் வடிவமைப்பே பார்வைப் பரப்பு முழுவதையும் நிறைப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆகையால் 'சில அறைகள்' என்ற பொத்தாம்பொதுவான வாசகத்தை எச்சரிக்கையாக ஏற்றுக்கொள்ள முடியாது. எந்த அறை, எந்த நிமிடத்தில், நொடிக்கு எத்தனை முறை என்ற விவரம் அந்தக் காட்சியை உருவாக்கிய தொழில்நுட்பக் குழுவிடம் இருந்தே தீரும். அதைத் தந்தால் எங்கள் மருத்துவர் பார்த்து முடிவு சொல்லிவிடுவார்.

இதைத்தான் தங்கள் அரட்டைச் சேவையில் கேட்டேன். முதலில் தானியங்கிப் பதிலொன்று, திறக்கும் நேரத்தையும் வாகன நிறுத்துமிடத்தையும் தெரிவித்தது. பின்னர் பேசிய பணியாளர், கேள்வியைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு மின்னஞ்சலில் வந்தது, வழிகாட்டியின் கடைசிப் பக்க வாசகத்தின் நகல். பணியாளர் பண்பாகத்தான் பேசினார். அவர் கையில் தருவதற்குத் தகவல் இல்லை, கேட்டுப் பெறவும் அவருக்கு வழி இல்லை என்பதே என் எண்ணம். ஆகவே இந்தப் புகார் அவர் மீது அல்ல.

நேரத் திட்டமிடலிலும் இதே குறை இருக்கிறது. சீட்டில் அச்சிட்டிருப்பது உள்ளே நுழைய வேண்டிய நேரம் மட்டுமே. காட்சிகள் ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரமாகும், எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம், கழிப்பறைக்காக வெளியே வந்தால் மீண்டும் உள்ளே விடுவார்களா என்பவை எங்கும் குறிப்பிடப்படவில்லை. குறித்த வேளைக்கு மருந்து உட்கொள்ள வேண்டிய சிறுமியையும் முதியவரையும் அழைத்து வருபவருக்கு இவை சில்லறை விவரங்கள் அல்ல. பராமரிப்புக்காக எந்த அறையாவது மூடப்பட்டிருக்குமானால் அதையும் அன்று வாசலில்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று வழிகாட்டி கூறுகிறது.

இனி, பணம் திரும்பத் தரப்படாது என்ற விதிக்கு வருகிறேன். மனம் மாறியதால் வர விரும்பாதவருக்கும், நேரம் தவறி வந்தவருக்கும் அந்த விதி நியாயமாகவே பொருந்தும்; குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டுமே உள்ளே விடும் இடத்தில் கடைசி நேர ரத்துகள் இழப்பை உண்டாக்கும் என்பதை அறிவேன். எங்கள் நிலை அதுவல்ல. நாங்கள் எதை வாங்குகிறோம் என்ற விவரம் எங்கள் கைக்கு வந்த அன்றே, நுழைவு நாளுக்குப் பல வாரங்கள் இருக்கும்போதே, ரத்து செய்யக் கேட்டுவிட்டோம். அந்த நேரத்துச் சீட்டுகளை வேறு நால்வருக்கு விற்பதற்குத் தங்களுக்குப் போதிய கால அவகாசம் இருந்தது, இன்னும் இருக்கிறது. விற்பவர் மறைத்து வைத்த நிபந்தனையை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதி அவர் பணத்தை வைத்துக்கொள்வது எந்த வணிக ஒழுங்கிலும் சேராது. 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் நான் குறியிட்டேன் என்று தங்கள் பதில் நினைவூட்டுகிறது. அந்த விதிமுறைகளை முழுவதும் மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டேன்: சக்கர நாற்காலி, தண்ணீர், மின்னும் ஒளி ஆகியவற்றில் ஒன்றைப் பற்றியும் அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே நான்கு சீட்டுகளுக்கான முழுக் கட்டணத்தையும், முன்பதிவுக் கட்டணம் என்று தனியே பிடித்த தொகையையும் சேர்த்துத் திருப்பித் தருமாறு கோருகிறேன். இருவர் மட்டும் வரலாமே என்ற யோசனை எங்களுக்கு ஏற்புடையதல்ல. குடும்பமாகச் செல்லவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டோம். மாறாக, மின்னும் ஒளி உள்ள அறைகளின் முழு விவரத்தையும் சக்கர நாற்காலிக்கான மாற்று வழியையும் எழுத்து மூலம் தந்து, மருத்துவரின் ஒப்புதலும் கிடைத்தால், கூட்டம் குறைவான ஒரு வேலை நாளின் முதல் நுழைவு நேரத்துக்குக் கூடுதல் கட்டணமின்றிச் சீட்டுகளை மாற்றிக்கொள்ளவும் சம்மதிக்கிறேன். வேலை நாளில் கட்டணம் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இவ்விரண்டில் எதைத் தாங்கள் தேர்ந்தாலும், வருகை வழிகாட்டியில் உள்ள உடல்நலம் சார்ந்த பகுதியைப் பணம் செலுத்தும் பொத்தானுக்கு முன்னால், அதே பக்கத்தில், எவரும் தனியாகத் திறந்து பார்க்கத் தேவையில்லாத வகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதை இடம் மாற்றுவது மட்டுமே செய்ய வேண்டிய வேலை. 'எல்லா வயதினருக்கும் ஏற்ற அனுபவம்' என்ற வரியை அதுவரை நீக்கிவைக்க வேண்டும்.

தங்கள் பதிலை மின்னஞ்சல் வழியாகவோ அஞ்சல் வழியாகவோ எழுத்து வடிவில், நுழைவு நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பாக எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் தரப்படும் வாய்மொழி உறுதி போதாது. அதற்குள் பதில் வராவிட்டால், பணம் செலுத்திய அட்டையை வழங்கிய வங்கியிடம் இந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடுவேன். நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் இதே ஆவணங்களுடன் புகார் அளிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முன்பதிவு உறுதி மின்னஞ்சலின் நகல், வருகை வழிகாட்டியின் நகல், பணம் செலுத்திய நாளில் விற்பனைப் பக்கம் இருந்த நிலையைக் காட்டும் திரைப்படிவம், அரட்டைச் சேவை உரையாடலின் பதிவு, தங்கை மகளின் மருத்துவர் அளித்த சான்றிதழ்.