‘இருந்தான்’ அல்ல, ‘இருந்தானாம்’

உலக இலக்கியத் தாளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் அந்தத் தாளை எழுதித் தேறியவன். எங்கள் பாடத்தில் ஜப்பான் ஒரே வரியில் முடிந்துவிட்டது: ‘உலகின் முதல் நாவல், கெஞ்சி.’ தேர்வில் இரண்டு மதிப்பெண். பிற்பாடு பழைய ஜப்பானிய உரைநடையை அகராதியும் கையுமாகத் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கியபோதுதான், மனப்பாடம் செய்த அந்த வரி எவ்வளவு மறைத்துவிட்டது என்று தெரிந்தது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைப் பணியில் இருந்த முரசாகி ஷிகிபு 54 அத்தியாயங்களில் எழுதிய அந்தக் கெஞ்சி ஒரு மொனோகதாரி. ‘கதாரி’ என்றால் சொல்லுதல். மூங்கில் வெட்டும் கிழவரின் கதைதான் மொனோகதாரிகளுக்கெல்லாம் மூத்தது என்று அந்த நூலுக்குள்ளேயே ஒரு குறிப்பு வருகிறது. தன் வம்சாவளி அவருக்குத் தெரியும். நாம்தான் ‘நாவல்’ என்று பெயர் மாற்றி அழைக்கிறோம்.

பெயர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆங்கிலம் வழியாக வரும்போது வினைமுற்றும் தொலைகிறதே! இஸே மொனோகதாரி என்ற இன்னொரு பழைய நூலில் 125 துண்டுகள். பெரும்பாலானவை ‘முகாஷி’ என்று தொடங்கும். பலவற்றில் அடுத்து வருவது ‘ஒதோகோ அரிகேரி’. முகாஷி முன்னொரு காலம், ஒதோகோ ஆண், அரி இருத்தல். அந்தக் ‘கேரி’ இருக்கிறதே, அது நான் பார்த்ததல்ல, கேள்விப்பட்டது என்று காட்டும் விகுதி. (பாட்டுக்குள் வந்தால் அதற்கு வேறு வேலையும் உண்டு, அது இருக்கட்டும்.) ஆங்கிலத்தில் இதற்கு விகுதி இல்லை. நமக்கு உண்டு: ‘முன்னொரு காலத்துல ஒருத்தன் இருந்தானாம்.’ பாட்டியிடம் கதை கேட்ட பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தோஸா நிக்கியின் முதல் வாக்கியத்தை மட்டுமாவது வகுப்பில் பிரித்துக் காட்டுங்கள். நிக்கி என்றால் நாட்குறிப்பு. தோஸா மாகாணத்தில் ஆளுநராக இருந்த கி நோ ட்ஸுராயுகி, 935 வாக்கில் பதவி முடிந்து தலைநகர் திரும்பிய 55 நாள் பயணம் அது. அன்று ஆண்கள் நாட்குறிப்பைச் சீன மொழியில் எழுதுவார்கள். இவரோ ஒரு பெண் எழுதுவதுபோல் ஜப்பானிய மொழியில் எழுதுகிறார். ‘ஆண்கள் எழுதுவார்களாமே நாட்குறிப்பு, அதைப் பெண்ணும் எழுதிப் பார்ப்போமென்று எழுதுவதுதான் இது.’ மூலத்தில் ‘ஸு நாரு’ என்று ஒன்று, ‘ஸுரு நாரி’ என்று ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே ‘நாரி’. முன்னால் ‘ஸு’ வந்தால் ‘ஆம்’ என்ற கேள்விச் செய்தி. ‘ஸுரு’ வந்தால் ‘இதுதான்’ என்ற உறுதி. அதை எழுதுகிறவரே ஆண். அவர் ‘எழுதுவார்களாமே’ என்று தெரியாததுபோல் கேட்கிறார். வேஷம் முழுவதும் அந்த ‘ஆமே’யில் தொங்குகிறது. வேடிக்கை என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனால், தோஸாவில் இறந்துபோன பெண் குழந்தையின் நினைவு திரும்பத் திரும்ப வரும்.

செட்சுவா என்னும் சிறுகதை மரபில் ‘ஆம்’ இன்னும் பலமாகக் கேட்கும். கோன்ஜாகு மொனோகதாரிஷூ என்ற கதைத்திரட்டு 31 தொகுதி, அவற்றில் மூன்று கிடைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் கதைகள். ஏறக்குறைய ஒவ்வொன்றும் ‘என்று சொல்லிச் சொல்லி வந்திருக்கிறார்களாம்’ என்ற மாதிரிதான் முடியும். முதல் ஐந்து தொகுதி முழுக்க இந்தியக் கதைகள். அதில் ஒற்றைக் கொம்பு முனிவர் ஒருவர் மழையில் வழுக்கி விழுந்த கோபத்தில், மழை தரும் நாகராஜாக்களைப் பிடித்துக் குடத்துக்குள் அடைத்துவிடுகிறார். ஊரெல்லாம் பஞ்சம். தவத்தைக் கலைக்க அழகிகளை அனுப்புகிறார்கள். கம்பன் படித்த மாணவர்கள் கலைக்கோட்டு முனியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சுய்ஹித்சு, தூரிகை போன போக்கில் எழுதுவது. அந்தப் பெயர் பிற்காலத்தார் ஒட்டியது. சேய் ஷோனகோனின் மகுரா நோ சோஷி தொடங்கும் வரி ‘ஹரு வ அகெபோனோ’: வசந்தமென்றால் விடியல். வினையே இல்லை, நமக்கும் தேவையில்லை. 1212இல் எழுதிய ஹோஜோகியும் 243 துண்டுகள் கொண்ட ட்ஸுரெஸுரெகுசாவும் இந்த வரிசையில் வருபவை.

நான் கேட்பது ஒரு வார வகுப்பு. மொனோகதாரி, நிக்கி, செட்சுவா, சுய்ஹித்சு என்று அவற்றின் பெயரிலேயே தலைப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் தந்து, அடியில் சொல்லுக்குச் சொல் பொருள் கொடுங்கள். மொழிபெயர்ப்பை மாணவர்களே செய்யட்டும். தேர்விலும் ‘முதல் நாவல் எது’ என்பதை எடுத்துவிட்டு, ‘இருந்தான்’, ‘இருந்தானாம்’ இரண்டில் இஸேக்கு எது பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். அதே இரண்டு மதிப்பெண் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவன் ஒருவன்