மாறிகளைப் பெயரோடு காட்டச் சொல்லலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், ஃபோர்ட்ரான் நிரலில் பிழை தேடுவது குருட்டாம்போக்கான வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். 1957-ல் ஐபிஎம் வெளியிட்ட கணினி மொழி அது. அதன் வயதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். குருட்டாம்போக்கு என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்கள் நாங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஐபிஎம் 370 கணினி ஓடிய 1970-களில், நிரல் பாதியில் நின்றால் கைக்கு வருவது நினைவகத்தில் இருந்ததெல்லாம் பதினறும எண்களாக (பதினாறை அடிப்படையாகக் கொண்டவை) அச்சான தாள்கட்டு. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தொகுக்கும் கம்பைலர் தந்த முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்த மாறி, அதாவது நிரலில் மதிப்பைத் தாங்கும் பெயர், எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். 41100000 என்றால் 1.0, 42640000 என்றால் 100.0. இதை மனப்பாடமாகச் சொல்பவருக்கு விடுதியில் தனி மரியாதை! அந்த நாளிலேயே, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் மாணவர்களுக்கென்று உருவாக்கிய வாட்ஃபைவ் கம்பைலர், மதிப்பே ஏறாத மாறியை அச்சிடச் சொன்னால் வரிசையாக ‘யு’ என்ற எழுத்தைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்று ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலர் இலவசம். ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துக் குறியைச் சேர்த்துத் தொகுத்தால் மாறிகளின் பெயர்களும் நிரல் கோப்போடு வந்துவிடும். பிழை தேட உதவும் ஜிடிபி என்ற மென்பொருளில் ஓட்டி, நின்ற இடத்தில் ‘பிடி ஃபுல்’ என்று தட்டினால், அழைக்கப்பட்டு இன்னும் முடியாமல் இருக்கும் சப்ரூட்டீன்களின் (நிரலின் உட்பகுதிகள்) மாறிகள் பெயரும் மதிப்புமாகத் திரையில் வந்துவிடும்.

எங்கள் தெருவில் சிவில் இறுதியாண்டு படிக்கும் தம்பி, டிரஸ் கணக்கில் (முனைகளில் உறுப்புகளை இணைத்த சட்டகம்) விடைகள் அனைத்தும் எண்ணே அல்லாத குறியாக வருகின்றன என்று வந்தார். நிரல் முழுக்க, மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்கும் பிரிண்ட் வரிகள். செல்லாத கணக்கிலும் பூஜ்ஜிய வகுத்தலிலும் நிற்கும்படி குறி கொடுத்தோம். கொடுக்காவிட்டால் ஜிஃபோர்ட்ரான் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் பார்த்தால்: உறுப்பு 7, தொடக்க முனை 4, முடிவு முனையும் 4, நீளம் 0. தரவுக் கோப்பில் ஒரே முனையை இரண்டு முறை தட்டியிருக்கிறார்.

ஜிடிபி ஓட்ட முடியாத பெரிய கணினிகளில் நேம்லிஸ்ட் கைகொடுக்கும். மாறிகளை ஒருமுறை பட்டியலிட்டுவிட்டால் ஒரே கட்டளையில் எல்லாம் பெயரோடு அச்சாகும். ஃபோர்ட்ரான் 90 தரத்திலேயே உள்ள வசதி. வானிலைக் கணிப்புக்குப் பயன்படும் டபிள்யூஆர்எஃப் மாதிரி தன் அமைப்புகளைப் படிப்பதே நேம்லிஸ்ட் கோப்பிலிருந்துதான்.

நான் பார்த்த பொறியியல் ஆய்வகக் கையேடுகளில் இவை எதுவும் இல்லை. ஒரு வகுப்பு ஒதுக்கினால் போதும். அந்த வகுப்பில் வேகத்துக்கான ‘ஓ2’ குறியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல மாறிகளுக்கு மதிப்பே காட்டாது. பிள்ளைகள் பழையபடி பிரிண்டுக்கே போய்விடுவார்கள்.

— ஓய்வுபெற்ற சிவில் பேராசிரியர், பாளையங்கோட்டை