கால்வாயோரமாக வரப்போகும் கதிருக்கு

துலூஸ்
ஜூன் 8

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. செப்டம்பரில் நீயும் தங்கச்சியும் வந்து, கார் லாரி தொல்லை இல்லாமல் இங்கே பிரான்ஸில் போர்தோவிலிருந்து மத்தியதரைக் கடல் வரை கால்வாய்க் கரையோரமாகச் சைக்கிளில் போகப்போகிறீர்கள் என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் திட்டத்தில் ஒரு பிழை மட்டும் கண்ணில் பட்டது. போர்தோவிலிருந்து கடலோர ஊரான சேத் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், பத்து நாள், ஆக நாளுக்கு 50 என்று வகுத்து வைத்திருக்கிறாய். இந்த வழியில் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதே, தரையை வைத்துப் போடு. துலூஸ் வரைக்கும் பெரும்பாலும் தார்ப்பாதை, நாளுக்கு 65 கிலோமீட்டர் சாதாரணமாகப் போகலாம். துலூஸைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் போனதும் மண்ணும் வேரும் ஆரம்பித்துவிடும். அங்கே 45 போனாலே நல்ல நாள்தான். அதனால் முதல் பாதிக்கு நாலு நாள், இரண்டாம் பாதிக்கு ஆறு நாள் என்று மாற்றி எழுது.

போர்தோவை விட்டுக் கிளம்பும் முதல் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். 1937இல் தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரொஜே லபெபியின் பெயரைத்தான் இந்தப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை முதன்முதலாக அனுமதித்ததும் அதே ஆண்டுதான். ரயில் ஏறிய சரிவு என்பதால் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, தொடையில்தான் தெரியும். பாதை சோவ்தேர் த குயென் ஊரோடு முடிந்துவிடும். அங்கிருந்து கரோன் கால்வாயைப் பிடிக்கும் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சின்னக் கிராமச் சாலைகள். முழுப் பயணத்திலும் வண்டிகளோடு சேர்ந்து போகவேண்டிய நீளமான பகுதி இது ஒன்றுதான். அதைக் களைத்துப்போன மாலையில் வைத்துக்கொள்ளாதே. முதல் இரவை சோவ்தேரில் தங்கிவிட்டு, காலையில் தாண்டுவது நல்லது.

கரோன் கால்வாய் 193 கிலோமீட்டர், 53 மதகுகள் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்). 1856இல் முழுதாகத் திறந்தார்கள். ஒரு காலத்தில் படகை இழுத்துக்கொண்டு குதிரைகள் நடந்த கரையில்தான் இன்றைய சைக்கிள் பாதை ஓடுகிறது. சமதரைதான். மதகு வரும் இடங்களில் மட்டும் ஒரு சின்ன மேடு. இந்தப் பகுதியில் களைப்பு வருவதற்குக் காரணம் ஏற்றம் இல்லை, மாறாத தன்மைதான். நேர்கோட்டில் ஒரே கியரில் ஒரே உட்காரலில் மூன்று மணி நேரம் மிதித்தால் உள்ளங்கையும் இடுப்பும் மரத்துப்போகும். ஐந்தாறு மதகுக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள். லு மா தழனே ஊர் தேவாலயத்தில் ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது, பாதையிலிருந்து ஒரு ஏற்றம் ஏறினால் போதும். ஆஜென் ஊரில் கால்வாயே பாலமாகி 539 மீட்டர் நீளத்துக்கு கரோன் ஆற்றைத் தாண்டுகிறது, 23 வளைவுகள். ஆற்றுக்கு மேலே படகுக்குப் பக்கத்தில் சைக்கிள் போகும் இடம் அது. மோந்தெக் ஊரில், டீசல் என்ஜின்கள் படகையும் அது மிதக்கும் தண்ணீரையும் சேர்த்து மேலே தள்ளுவதற்காக 1974இல் கட்டிய சரிவு ஒன்று நிற்கிறது. இப்போது ஓடுவதில்லை. ஆனாலும் நின்று பார்க்கவேண்டிய பொறியியல்.

துலூஸில் மிடி கால்வாய் தொடங்குகிறது. இதுதான் மூத்தது: பியேர் போல் ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கிய வேலை 1681இல் முடிந்தது, 240 கிலோமீட்டர், 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. போர் லோரகே வரை தார், அதைத் தாண்டினால் மண். அங்கே பக்கத்தில் நோரூஸ் என்ற இடத்தில் கடல்மட்டத்துக்கு 189 மீட்டர் மேலே கால்வாயின் உச்சி. மலையிலிருந்து ஊட்டக் கால்வாயில் வரும் தண்ணீர் இங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. அந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் கால்வாயே இல்லை. அவசரமாகக் கடந்துவிடாதே.

இனி வேர்களைப் பற்றி. கரையை இறுக்கவும் நிழலுக்குமாக நட்ட பிளேன் மரங்கள் 42,000 இருந்தன. அவற்றின் வேர் பாதைக்குக் குறுக்காகக் கை தடிமனில் புடைத்திருக்கும். நிழல் புள்ளி புள்ளியாக விழுவதால் வேர் எது நிழல் எது என்று வேகத்தில் தெரியாது. முன்சக்கரம் வேரைச் சாய்வாகத் தொட்டால் வழுக்கிவிடும், அதிலும் ஈரமாக இருந்தால் நிச்சயம். நேர்க்கோணத்தில் ஏறு, அந்த நொடியில் பிரேக் பிடிக்காதே, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள். ஒரு பக்கம் தண்ணீர் என்பதை மறக்கவேண்டாம், சில இடங்களில் பாதை ஒரு ஆள் அகலம்தான்.

2006இல் இந்த மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. காயம் வழியாகவும் வேரோடு வேர் தொட்டும் தண்ணீர் வழியாகவும் பரவும். நோய் கண்ட மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி எரிப்பது ஒன்றே வழி என்பதால் ஆயிரக்கணக்கில் போய்விட்டன. வேறு இன மரங்களை நட்டுவருகிறார்கள், நிழல் தர இன்னும் பல ஆண்டு ஆகும். பழைய படங்களைப் பார்த்துவிட்டுக் கடைசிவரை குகை மாதிரி நிழல் இருக்கும் என்று எண்ணி வராதே. தொப்பி, நீளக்கை சட்டை கட்டாயம். நின்று கொண்டிருக்கும் மரங்களில் சைக்கிள் சங்கிலியைச் சுற்றிப் பட்டையைக் காயப்படுத்தவும் வேண்டாம்.

சைக்கிளை வாடகைக்கு எடுக்கும்போது கேட்கவேண்டியவை: டயர் அகலம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 42 இருந்தால் இன்னும் நல்லது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மழைக்குப் பிறகு அந்தக் களிமண் டயரில் அப்பி மட்கார்டில் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். பலத்த மழை பெய்தால் அரை நாள் காத்திருங்கள், அல்லது பக்கத்துக் கிராமச் சாலையில் போங்கள். காற்று: 40 மில்லிமீட்டர் டயருக்குத் தாரில் பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ. மண் தொடங்கியதும் 40, 35 என்று இறக்கு. இன்னும் இறக்கினால் வேரில் இடிக்கும்போது ரிம்முக்கும் வேருக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தமாதிரி இரண்டு ஓட்டை விழும். இங்கே டியூபில் நம் ஊர் வால்டியூப் இருக்காது. மெல்லிய பிரெஞ்சு வால்வு: மேல் திருகைத் தளர்த்தி, ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் பம்பை மாட்டவேண்டும். பம்ப் அதற்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே அடித்துப் பார். ஆளுக்கு இரண்டு டியூப், டயர் கழற்றும் கோல், பஞ்சர் ஒட்டும் சாமான். வேலிப் புதரைக் கத்தரித்த நாட்களில் முள் பாதையெல்லாம் கிடக்கும். பஞ்சர் ஆனால் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டுவிடாதே, பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

அதைவிட அதிகம் படுத்துவது கேரியர் போல்ட்தான். வேர் அதிர்வில் தானாகவே கழன்றுவிடும். தினமும் மாலையில் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் ஒரு சுற்று பார். சாமான் முழுவதையும் பின் கேரியரில் ஏற்றினால் பின்சக்கரத்தின் செயின் பக்கத்துப் போக்ஸ் கம்பி அறுபடும். அந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இறுக்கத்தில் இருக்கின்றன, மாற்றுவதற்குப் பல்சக்கரக் கட்டையே கழற்றவேண்டும். கனமானதில் மூன்றில் ஒரு பங்காவது முன்னால் போகட்டும்.

திசையை போர்தோவிலிருந்து சேத் என்று வைத்தது சரியான முடிவு. கஸ்தெல்நோதாரிக்குக் கிழக்கே சேர்ஸ் என்ற மேற்குக் காற்று அதிக நாள் அடிக்கும், முதுகில் தள்ளும். எதிரி ஓத்தான் காற்று. அது தென்கிழக்கிலிருந்து வரும், துலூஸுக்கும் நோரூஸுக்கும் நடுவே முகத்தில் அறையும், நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். வந்தால் விடியற்காலையில் கிளம்பிச் சீக்கிரம் முடித்துக்கொள்.

தண்ணீர் கதை இது: மதகு வீட்டருகே பல இடங்களில் குழாய் இருக்கும். ஆனால் அர்ஜான் மதகுக்கும் பெசியேவின் ஃபொன்செரான் மதகுப் படிகளுக்கும் நடுவே 54 கிலோமீட்டருக்கு மதகே கிடையாது. அன்று ஆளுக்கு 3 லிட்டராவது எடுத்துக்கொண்டு கிளம்பு. வழியில் லு சோமாய் போன்ற ஊர்களில் நிரப்பு. கிராமக் கல்லறைத் தோட்டங்களிலும் குழாய் உண்டு, குடிக்க உகந்ததல்ல என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். மால்பாவில் கால்வாய் குன்றுக்குள் சுரங்கமாகப் போகும், நீங்கள் குன்றின்மேல் ஏறவேண்டும்.

சாப்பாட்டுக்கு மணி தவறக்கூடாது. சின்ன ஊர்க் கடைகள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகல் எல்லாம் மூடல், திங்களன்று பல ரொட்டிக்கடைகளும். தங்கச்சி சைவம் என்பதால் சனிக்கிழமையே ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பழம், கொட்டை என்று இரண்டு நாளுக்கு வாங்கிவிடு. கஸ்தெல்நோதாரியின் பேர்போன கசுலேயில் அவரை விதையோடு வாத்தும் பன்றியும் உண்டு, பார்த்தால் பருப்புக் குழம்பு மாதிரி இருக்கும் என்பதால் சொல்கிறேன். தங்குவதற்கு ‘அக்கேய் வெலோ’ பலகை உள்ள இடங்களைத் தேடு: பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், பூட்டிவைக்க இடமும் ரிப்பேர் சாமானும் வைத்திருப்பார்கள்.

பாதை நெடுக ‘வி 80’ என்ற பலகை வழிகாட்டும். சாலையைக் குறுக்கிடும் இடங்களில் பெரும்பாலும் நீதான் நிற்கவேண்டும், வண்டிக்காரன் நிற்பான் என்று போகாதே. காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். இருட்டில் ஊருக்கு வெளியே விளக்கோடு ஒளிரும் மேல்சட்டையும் கட்டாயம்.

உடம்பு முடியாவிட்டால் கவலைவேண்டாம். போர்தோ, ஆஜென், துலூஸ், கர்கசோன், பெசியே, சேத் எல்லாம் ஒரே ரயில் தடம். எந்த ஊரிலும் ஏறி இரண்டு நாளைத் தாண்டிவிடலாம். அந்தத் தடத்தின் இன்டர்சிட்டி ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும், உள்ளூர் ரயிலில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். சேத்திலிருந்து திரும்பும் சீட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடு, சைக்கிள் இடம் முதலில் தீர்ந்துவிடும்.

கடைசி நாள் மர்செய்யான் கடற்கரையிலிருந்து சேத் வரை ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே தனிப் பாதை. செயினில் மணல் ஒட்டும், மாலையில் துடைத்து எண்ணெய் விட்டுவிடு.

நாட்கணக்கைத் திருத்தி எழுதி அனுப்பு. துலூஸில் எந்த இரவு என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் ரசம் சாதம் இங்கே தயாராக இருக்கும்.

அன்புடன்,
செல்வம்