பைத் துண்டை வெட்டி வையுங்கள்: மட்டக்களப்புக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

கல்லடி,
10.02.2025

மட்டக்களப்பு நகரத்திலும் கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கங்களிலும் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் காக்காமாருக்கும்,

வணக்கம். நான் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களில் சில பேருக்கு என் முகம் தெரியும். மணியோடர்க் காசை இரண்டு தரம் எண்ணித் தந்த முகம். திகதி முத்திரை தெளிவாக விழாவிட்டால் கடிதத்தைத் திருப்பி எடுத்துக் குத்துகிற ஆள் என்று கந்தோரில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். இந்த மடலும் ஒரு திகதியைப் பற்றியதுதான்: நீங்கள் உதிரியாக நிறுத்து விற்கும் நாய்ச் சாப்பாட்டின் திகதி.

எங்கள் வீட்டில் ரோனா என்றொரு பெட்டை நாய் இருக்கிறது. 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது வந்தது. சாப்பாட்டுக் கடைகள் பூட்டியதும், கொத்துரொட்டிக் கடை வாசலில் வயிறு வளர்த்த நாய்களெல்லாம் வீடு வீடாகத் திரிந்தன. அதில் ஒரு குட்டி எங்கள் படலைக்குள் புகுந்து, கலைக்கக் கலைக்கத் திரும்பி வந்தது. பேத்தி அதற்குக் 'கொரோனா' என்று பேர் வைத்தாள். "இந்தப் பேரைச் சொல்லி ரோட்டில கூப்பிட ஏலுமா புள்ள?" என்று மனிசி ஏசி, முன்னெழுத்தை வெட்டி ரோனா ஆக்கினா.

முதலில் சோறும் சூடை மீன் தலையும்தான் சாப்பாடு. மறுகா மனிசிக்கு முழங்கால் நோவு வந்து, இரண்டு உலை வைப்பது கஷ்டமாகிப்போக, கடையில் விற்கும் உலர் சாப்பாட்டுக்கு மாறினோம். முழுப் பை வாங்க ஓய்வூதியம் இடம் கொடாது. 2022இல் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும். பெரிய பையை வாளியில் கொட்டி வைத்து, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நீங்கள் உதிரியாக நிறுத்துத் தந்தது எனக்குப் பெரிய உபகாரம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உதிரியாக விற்பதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. நிறுத்தினால் என்னைப் போன்றவர்கள்தான் அல்லல்படுவோம்.

போன கார்த்திகை வெள்ளம் வடிந்து, மார்கழி நடுவில் ரோனாவுக்குச் சுகமில்லாமல் போனது. மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. வாந்தி. நாலாம் நாள் காலை வாயைத் திறந்து பார்த்தால் முரசு மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை. சோதித்துப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டா. வீட்டில் எலி இருக்கிறதா? என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்? எலிக்காய்ச்சலும் ஈரலைத் தாக்குமாம், பூஞ்சணம் பிடித்த சாப்பாடும் ஈரலைத் தாக்குமாம். "சாப்பாட்டுப் பை இருக்கா ஐயா? திகதியும் பெட்ச் நம்பரும் பார்க்க வேணும்" என்றா. பெட்ச் நம்பர் என்றால் எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் இலக்கம். என்னிடம் இருந்தது வாய் முறுக்கிக் கட்டிய ஒரு சொப்பிங் பேக். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அந்த நேரம் என் மற்றக் கையில் ரோனாவின் தடுப்பூசிப் புத்தகம் இருந்தது. வருசத்துக்கு ஒருமுறை போடும் விசர்நாய்த் தடுப்பூசி. அந்தச் சின்னப் போத்தலின் லேபலை உரித்து, தொகுதி இலக்கத்தோடும் காலாவதித் திகதியோடும் புத்தகத்தில் ஒட்டியிருந்தார்கள். வருசத்துக்கு ஒரு சொட்டு மருந்துக்கு இவ்வளவு பதிவு. நாளுக்கு இரண்டு தரம் தட்டில் போடும் சாப்பாடு எங்கே, எப்போது செய்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை. திகதி முத்திரை குத்திச் சம்பளம் வாங்கின எனக்கு அது வெட்கமாக இருந்தது.

இந்தப் பூஞ்சணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது உங்கள் கடையில் நாய்ச் சாப்பாட்டு வாளியோடு மட்டும் நிற்கிற விசயமில்லை. சோளம், கச்சான், கொப்பரை போன்ற சாமான்களில் ஈரம் ஏறினால் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பேர். 2021இல் சித்திரை வருசத்துக்குக் கொஞ்சம் முதல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இருக்கிறது என்று நாடே கலங்கியதே, அதே சாமான்தான். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்கைத் தின்றவை அவை. அதைத் துருவிக்கொண்டு போகும்போதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது.

அவித்தாலும் வறுத்தாலும் இது போகாது. நாங்கள் காலையில் இடியப்பம், பகலில் சோறு, இரவில் பாண் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறோம். நாய்க்கு எந்த வேளையும் ஒரே வாளி. அது கெட்டிருந்தால் ஒவ்வொரு பிடியிலும் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைத் தின்னும்.

ரோனாவின் மூக்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கல்லடிக் கடற்கரையில் கரைவலைக்காரர் கழித்து வீசும் பேத்தை மீனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிற நாய் அது. (எல்லா நாயும் அப்படியில்லை. கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் கவனம். பேத்தையின் நஞ்சும் சூட்டில் அழியாது.) பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியலாம், சில நேரம் மணக்கவும் செய்யலாம். அது விட்டுப்போன நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த மூக்கும் அங்கே தோற்றுப்போகும்.

ரோனாவுக்கு வந்தது இதுதான் என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எதுவென்று பார்க்க வழியில்லாமல் போனதுதான் என் முறைப்பாடு.

2020 மார்கழியில் அமெரிக்காவில் ஒரு கம்பனியின் உலர் நாய்ச் சாப்பாட்டில் இதே நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. நூறு கோடியில் இருபது பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்குள்ள கணக்கு. அந்தச் சாப்பாட்டில் அதைவிட எவ்வளவோ கூட. 110க்கு மேற்பட்ட செல்லப் பிராணிகள் செத்ததாக அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அடுத்த மாதம் அறிவித்தது. எந்தப் பையை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று சனம் எப்படித் தெரிந்துகொண்டது? பையில் அச்சடித்திருந்த திகதியையும் தொகுதி இலக்கத்தையும் பார்த்துத்தான். அப்படி ஓர் அறிவித்தல் நாளைக்குக் கொழும்பிலிருந்து வந்தால், என் சொப்பிங் பேக்கில் நான் எதைப் பார்ப்பது?

இதை நான் வழமையாக வாங்கும் கடையில் போய்க் கேட்டேன். கடைப் பேரைச் சொல்லப்போவதில்லை. "நாய் தின்னுறதுக்கு எதுக்கு ஐயா திகதி?" என்று முதலாளி சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்துவிட்டேன்; வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பையைக் கேட்டால், அது அன்றைக்கே போய்விட்டதாம். யாரோ கத்தரிக் கன்று நட வாங்கிக்கொண்டு போனார்களாம்.

அவரில் மட்டும் பிழையில்லை. மனிசருக்கு ஆகாதது நாய்க்கு ஆகும் என்பது எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற பழக்கம். வண்டு விழுந்த அரிசி, கட்டிபட்ட மா, ஊசின கறி, "எறியாதீங்க, நாய்க்குப் போடுங்க." நான் சின்னனாக இருக்கும்போது 1978 சூறாவளிக்குப் பிறகு நனைந்த அரிசியைக் காயவைத்து நாங்களே தின்றோம், அப்போது வேறு வழியில்லை. இப்போதும் வெள்ளத்துக்குப் பிறகு பூஞ்சணம் பூத்த குருணலைக் கழுவி நாய்க்கு அவிக்கிறவர்களைக் காண்கிறேன். கழுவினால் பூஞ்சணம் போகும், நஞ்சு போகாது. எங்கள் வீட்டிலும் பிழை இருந்தது. மீன் குழம்பு ஊற்றிச் சோறு குழைத்துக் கொடுத்தோம். அதில் இருக்கிற வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று டொக்டர் சொல்லித்தான் தெரியும்.

நாய்க்கு வருவது நாயோடு நிற்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு கதை. 2007 பங்குனியில் வட அமெரிக்காவில் நாய், பூனைச் சாப்பாட்டுப் பேணிகளைக் கோடிக்கணக்கில் திருப்பி எடுத்தார்கள். சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. பரிசோதனையில் புரதம் கூடக் காட்ட வேண்டும் என்று செய்த களவு. தின்ற பிராணிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. அடுத்த வருசமே அதே மெலமைன், அதே களவு, சீனாவில் குழந்தைப் பால்மாவில். ஆறு குழந்தைகள் செத்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகளுக்கு நோய். முதல் மணி நாய்த் தட்டில்தான் அடித்தது.

சட்டத்தைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மனிதர் உண்பதற்கானது. விலங்குத் தீவனத்துக்கு 1986இல் வேறொரு சட்டம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் கடை மூலையில் அந்த வாளி நிற்கிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து நுகர்வோர் அதிகார சபைக்குச் சொல்லச் சொல்லித் தம்பி ஒருத்தன் சொன்னான். நான் அடிக்கவில்லை. கையில் ஒரு துண்டும் இல்லாமல் யார் மேல் என்ன சொல்வது?

ஆகவே உங்களிடமே கேட்கிறேன். பையைத் திறக்கும்போது திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி வாளி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். திறந்த நாளையும் மார்க்கர் பேனையால் எழுதுங்கள். கேட்கிறவர் போனில் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். இன்னும் நல்லது, பையை வெட்டாமல் அப்படியே வாளிக்குள் இறக்கி, வாயை மடித்துக் கிளிப் போடுவது. பழையது அடியில் கிடக்கப் புதியதை மேலே கொட்டாதீர்கள். அடியில் கிடப்பது எத்தனை மாதத்துச் சரக்கு என்று பிறகு உங்களுக்கே தெரியாது. உலர் சாப்பாட்டை 27 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் விழும் வாசலில் வைக்காமல் விடலாம். மழைக்காலத்தில் நிலத்தில் படாமல் பலகை மேல் ஏற்றலாம். எலி கடித்த பையை, வெள்ளம் தொட்ட பையை, பாதி விலைக்கும் விற்காதீர்கள்.

பருப்பு அள்ளுகிற பேணியாலேயே நாய்ச் சாப்பாட்டையும் அள்ளுவதை இரண்டு கடையில் கண்டேன். உலர் நாய்ச் சாப்பாட்டிலிருந்து சல்மொனெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றி 2012இல் அமெரிக்காவில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அதற்கென்று தனிப் பேணி ஒன்று போடுங்கள். பெரிய செலவில்லை.

ரோனா தப்பிவிட்டது. ஐந்து நாள் சேலைன், அதற்குப் பிறகு மூன்று கிழமை குளிசை. இப்போது சோறும் அவித்த மீனும், வெங்காயமில்லாமல். மனிசியின் முழங்கால் திரும்ப முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டது.

வாற சனிக்கிழமை பின்னேரம் நான் வழமையான கடைக்கு வருவேன். மூடிக்குள் அந்தத் துண்டு இருந்தால் அரைக் கிலோ நிறுக்கச் சொல்வேன். கத்தரிக்கோல் இல்லையென்று சொல்ல வேண்டாம், கொண்டுதான் வருவேன்.

இப்படிக்கு,
ரோனாவின் வீட்டுக்காரர்