ராஜினாமா கொடுத்த தம்பிக்கு

தம்பி,

நீ வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்யப் போவதாகக் கடிதம் கொடுத்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் விட்டாய், யாரால் விட்டாய் என்பது நம் இருவருக்கும் தெரியும். நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. நோட்டீஸ் காலம் முடிவதற்குள் சில கணக்குகள் மட்டும்.

அன்று தபால் உறையின் பின்பக்கத்தில் ஒரு வகுத்தல் போட்டாயே, அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. ஆண்டுச் சம்பளத்தை 260-ஆல் வகுத்தாய். வந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, "இதுதான்க்கா என் ஒரு நாள் ரேட்" என்றாய். எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் மட்டும் "காய்ச்சல் வந்தா?" என்றேன். உன் முகம் சுண்டிப்போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் கேட்டதற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

260 என்பது 52 வாரத்தை ஐந்தால் பெருக்கிய எண். விடுமுறைக்கு 5 வாரம், உடம்பு முடியாமல் போனால் 2 வாரம் கழித்தால் மிஞ்சுவது 45 வாரம், அதாவது 225 நாள். அதிலும் கொட்டேஷன் அனுப்ப, பேரம் பேச, பாக்கிக்கு நடையாய் நடக்க, வேலையே வராமல் உட்கார்ந்திருக்க என்று பத்தில் நான்கு நாள் போய்விடும் என்று வை. பில் போட முடிவது 135 நாள். சம்பளத்தோடு கம்பெனி உனக்காகக் கட்டிய காப்பீட்டையும் ஓய்வூதியப் பங்கையும் கூட்டி, 135-ஆல் வகுத்துப் பார். நீ கோடு போட்ட எண் இரண்டு மடங்கைத் தொடும், தாண்டவும் செய்யும். "அவ்வளவு யார் தருவாங்க" என்று இறங்கி வந்தால், குறைகிற பணத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் தூக்கத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

சுயதொழில் செய்கிறவர்கள்தான் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒரு ஆய்வை அனுப்பியிருந்தாய். உண்மைதான். பென்ஸ், ஃப்ரை என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் 23 நாடுகளின் தரவை வைத்துச் சொன்னது அது: வேலை பிடித்திருக்கிறது, தன் இஷ்டப்படி செய்ய முடிகிறது, அதனால் திருப்தி. பணம் வேறு கதை. அமெரிக்கத் தரவை வைத்து ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 2000-இல் எழுதினார்: பத்து ஆண்டு தொழில் செய்த பிறகும், வருமான வரிசையில் நடுவில் நிற்கிறவருக்குக் கிடைப்பது அவர் வேலையில் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. பிரிட்டன் தரவில் இன்னொன்று உண்டு. சம்பள வேலையை விட்டு வந்தவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி கூடியது. வேலையில்லாமல் இருந்து சுயதொழிலுக்கு வந்தவர்களுக்கு, சம்பள வேலைக்குப் போனவர்களைவிட அது கூடவில்லை. நீ முதல் ரகம். அதில் எனக்கு நிம்மதிதான், நம்பு.

எந்த நாட்டில் உட்காரப் போகிறாய் என்பது இதற்குப் பிறகு வருகிற கேள்வி. ஜெர்மனியில் சுயதொழில்காரர் மருத்துவக் காப்பீட்டை முழுதாகத் தானே கட்ட வேண்டும். நீ படம் வரைகிறவன் என்பதால் அங்கே 1983 முதல் இருக்கிற கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியில் சேர்ந்துவிட்டால் பாதி கட்டினால் போதும். அதை முதல் வேலையாகச் செய். நெதர்லாந்தில் 20 முதல் 50 பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் ஒதுக்கி, நோயில் விழுந்தவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுவரை கொடுக்கிற 'ப்ரோட்ஃபாண்ட்ஸ்' குழுக்கள் 2006 முதல் இருக்கின்றன. கிட்டத்தட்ட நம்மூர்ச் சீட்டுதான், ஏலம் மட்டும் கிடையாது. பிரிட்டனில் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் சுயதொழில்காரருக்கு இல்லை.

பிரிட்டனில் இன்னொரு குழியும் இருக்கிறது. முதல் ஆண்டு வரி 4,000 பவுண்டு என்றால் ஜனவரி 31-இல் கேட்பது 6,000. அடுத்த ஆண்டுக்கான பாதி முன்பணம் சேர்ந்தே வரும். ஜூலை 31-இல் இன்னும் 2,000. பலர் முதல் தடவை முழி பிதுங்குவது இதில்தான். எந்த நாடாக இருந்தாலும் வருகிற ஒவ்வொரு தொகையிலும் மூன்றில் ஒரு பங்கை அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடு.

நீ எங்கே கேட்கப் போகிறாய்! புத்தி சொல்ல அக்கா வேண்டாம், அவசரத்துக்குக் கைமாற்று வாங்க மட்டும் அக்கா. சரி, இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

பழைய கம்பெனியே முதல் வாடிக்கையாளராக வருகிறதாமே. பெயர் வேண்டாம். வருமானத்தில் ஆறில் ஐந்து பங்கு ஒரே இடத்திலிருந்து வந்தால், ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்கிறவனை ஜெர்மனி கட்டாய ஓய்வூதியக் காப்பீட்டுக்குள் இழுத்துவிடும். மனசுக்கும் அது கெடுதல். லீவும் போனஸும் இல்லாமல் அதே முதலாளி.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் "ஒப்புதலுக்குப் பின் 30 நாளில் பணம்" என்று இருக்கிறதாகச் சொன்னார்கள். ஒப்புதலுக்குத் தேதியே கிடையாது, முப்பது நாள் என்றைக்கு ஆரம்பிக்கும்? தாமதமானால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மத்திய வங்கி வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதப் புள்ளி வட்டியும் 40 யூரோவும் கேட்கலாம். இந்தியாவில் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால், ஒப்பந்தமில்லாதபோது 15 நாள், இருந்தாலும் 45 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அடுத்த வேலை போய்விடும் என்று பயந்து யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் கையெழுத்துக்கு முன்பே இந்த வரியைச் சேர்க்கச் சொல்: "ஒப்படைத்த 7 நாளுக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்." கூடவே 40 சதவீதம் முன்பணம். மாட்டோம் என்றால் வரைவை எனக்கு அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன்.

அக்கா